பேர் எழுதாத அறுபத்தொரு படிவங்கள்

1.

பெருமையடித்துக்கொள்ளத்தான் இந்தக் கதையை எழுதுகிறேன். அடக்கமாகத் தொடங்கிய மூன்று முதல் வரிகளைக் கிழித்துப் போட்டாயிற்று. 1997 சித்திரையில், தெற்கு மாசி வீதியில் ஒரு மாடி அறையில், பத்மாசினியாகிய நான் எழுதிய புரோகிராம் ஏழு நிமிஷத்தில் ஒரு வேலையை முடித்தது. அதே வேலைக்கு என் மேலதிகாரி ஹரிராமின் புரோகிராம் முப்பத்து நான்கு மணி நேரம் கேட்டது. ஆகவே இந்தக் கதையின் நாயகி நான்தான் என்று...

(இருங்கள். ரோகிணி வரட்டும்.)

2.

எழுமலைப் பக்கத்து ஊர்களில் வயிற்றுப்போக்கு. ஒரு தொண்டு நிறுவனம் வீடு வீடாகப் போய் 3,140 படிவங்களை நிரப்பி எங்களிடம் கொண்டுவந்து கொட்டியது. குடிப்பது எந்தக் கிணறு, என்ன உபாதை. முப்பத்தெட்டு கிணறு, ஒன்பது உபாதை, ஆக 342 ஜோடி. எந்த ஜோடி அதிகம் சேர்ந்து வருகிறது?

ஹரிராம் ஒவ்வொரு ஜோடிக்கும் முதல் படிவத்திலிருந்து கடைசிவரை நடந்தார். 342 நடை. நான் ஒரே நடை. தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கிற மாதிரி ஜோடிக்கொரு பெட்டி வைத்தேன்; படிவத்தை ஒரு தடவை பார்த்து, அதற்குரிய பெட்டியில் ஒன்று கூட்டினேன். கிணறு எழுதாத படிவங்களுக்கும் பூஜ்யம் என்று தனிப் பெட்டிகள்.

[இங்கே சூத்திரம் இருந்தது. "கதையில போய் கணக்கா?" என்றான் தம்பி. அடித்துவிட்டேன். வருத்தம்தான்.]

3.

"பூஜ்யத்தத் தூக்கிப் போடும்மா, எழுத மறந்திருப்பாங்க," என்றார் ஹரிராம்.*

ஆனால் இருப்பதிலேயே பெரிய எண் அங்கேதான் இருந்தது. பூஜ்யம், வயிற்றுப்போக்கு: 61. அறுபத்தொன்றும் ஒரே ஊர். பதில் சொன்னது எல்லாம் பெண்கள். மறதி இம்புட்டு ஒழுங்காகவா வரும்?

டைப் அடிக்கிற ரோகிணி எட்டிப் பார்த்தாள். முகம் செத்துவிட்டது.

"அக்கா, இது எங்க மாமியா ஊரு. எம் மக லீவுக்கு அங்கனதான் இருக்கா."

"அங்க நாலு கிணறு இருக்கே. எதுன்னு தெரியுமா?"

"தெரியும். வாயால சொல்லக் கூடாது."

ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்: பேயாண்டி கிணறு. அவள் கணவர் பெயரும் அதுதான். குலசாமி பெயர். அந்த ஊரில் வீட்டுக்கொரு பேயாண்டி, புருஷனாகவோ மாமனாராகவோ. பெண்கள் "அவுக பேர்க் கெணறு" என்றிருப்பார்கள். படிவக்காரர் விளங்காமல் காலியாக விட்டிருப்பார்.

*எங்கள் இருவருக்கும் வீட்டு மொழியான சௌராஷ்ட்ரத்தில் சொன்னார். கூடவே திட்டியதை மொழிபெயர்க்கவில்லை.

4.

ரோகிணியை முதல் பிரதியில் அழவைத்திருந்தேன். பொய். அவள் நேரே போனை எடுத்து ஊர் டீக்கடைக்குச் சுழற்றினாள்.

"சின்னச்சாமி அண்ணே, ரோகிணி பேசுறேன். அந்தக் கெணத்துத் தண்ணிய யாரும் தொடக் கூடாது. எம் புள்ளைகிட்டயும் சொல்லுங்க."

"எந்தக் கெணறு தாயி?"

போனைக் கொடு, நான் சொல்கிறேன் என்று கையை நீட்டினேன். எனக்கென்ன, எனக்கு அது வெறும் பெயர். ரோகிணி என் கையைத் தள்ளிவிட்டாள்.

"பேயாண்டி கெணறு," என்றாள். கடைக்காரருக்குச் சரியாகக் கேட்கவில்லை போல. இரண்டாவது தடவை சத்தமாகவே சொன்னாள்.

ஏழு நிமிஷம் என்று இத்தனை நாள் பீற்றிக்கொள்கிறேனே, அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் அது எம்மாத்திரம்!

5.

மதியத்துக்குள் கிணற்றை மூடினார்கள். அவள் மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சேதி சாயங்காலமே அவனியாபுரத்தில் பட்டறை வைத்திருக்கும் அவள் கணவரிடம் போய்விட்டது.

"ஊரே கேக்க எம் பேரச் சொன்னியாமே?" என்றாராம்.

அவர் கோபித்ததாக ஒரு முடிவு, சிரித்ததாக ஒரு முடிவு, இரண்டும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலுமே பேசுவது அவர். அவள் என்ன பதில் சொன்னாள் என்பது எனக்குத் தெரியும், மறுநாளே சொன்னாள். எழுத மாட்டேன். எழுதினால் அந்தப் பெருமையையும் நானே சுருட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

உங்கள் வீட்டில், புருஷன் பெயரை ஒருநாளும் சொல்லாத யாராவது இருப்பார்கள். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.