கண்காட்சிக்குத் தனியே வந்தவர்

தெரியாத ஆட்களுடன் கதைக்காமல் இருப்பதே மனித நாகரிகத்தின் உச்சம் என்று சுகிர்தன் நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினான். நெருப்பு, சக்கரம் எல்லாம் அதற்குப் பிறகுதான். அப்போது அவன் கொழும்புக் கோட்டையில் ஒரு நூதனசாலையின் நீர்மூழ்கிக் கப்பல் கண்காட்சியில், தூண் ஒன்றுக்குப் பின்னால் நின்றான். தூணுக்கு அந்தப் பக்கம் அப்பா தெரியாத ஆட்களுடன் கதைத்துக்கொண்டிருந்தார்.

அப்பா நமசிவாயத்துக்குக் கப்பலைப் பற்றி ஒன்றும் தெரியாது. இன்சூரன்ஸ் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்றவர். மாதிரிக் கப்பல்களுக்குக் கீழே மூன்று மொழியிலும் விளக்கம் ஒட்டியிருந்தது. அதை அவர் பக்கத்தில் நின்றவர்களுக்கு உரத்து வாசித்தார். தமிழில் வாசித்துவிட்டு, அதையே தன் கந்தோர்ச் சிங்களத்தில் திருப்பிச் சொன்னார். ஏற்கனவே வாசித்து முடித்திருந்த சிங்களக் குடும்பமொன்று மரியாதைக்காகத் தலையாட்டிக்கொண்டிருந்தது.

அப்பாவுக்கு நெஞ்சு சுகமில்லை, தனிய விடாதே என்று அம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தார். சுகிர்தன் விடவில்லை. ஒரு தூண் தூரம் மட்டும் விட்டிருந்தான்.

அடுத்தது, பக்கவாட்டை வெட்டித் திறந்த நீர்மூழ்கி. உள்ளே நகக்கண் அளவு மனிதர்கள் அடுக்குக் கட்டில்களில் படுத்திருந்தார்கள். அப்பா கண்ணாடிப் பெட்டியில் சாய்ந்து, அங்கே வந்த பெட்டைகளை மறித்து வாசிக்கத் தொடங்கினார். ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். சுகிர்தனின் வகுப்பில் படிக்கும் ரொஷேல். அவனைக் கண்டு கை காட்டினாள்.

அந்த நேரம் பார்த்துக் காவலாளி வந்து, பெட்டியில் சாயக்கூடாது, இவர் உங்கள் அப்பாவா என்று, அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்ற அவனிடம் சிங்களத்தில் கேட்டார்.

சுகிர்தன் இல்லை என்றான்.

அப்பா திரும்பினார். மகனைப் பார்த்தார், ரொஷேலைப் பார்த்தார். பிறகு காவலாளியைச் சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டுச் சொன்னார்.

"ஓம் மல்லி, நான் தனியத்தான் வந்தனான்."

அதன் பிறகு அவர் வாசிக்கவில்லை. சுவரோரக் கதிரையில் போய் இருந்தார். சுகிர்தன் ரொஷேலுடன் சோதனையைப் பற்றிக் கதைத்தான். திரும்பிப் பார்த்தபோது அப்பாவின் தலை சுவரில் சரிந்திருந்தது. காவலாளி தோளைப் பிடித்து உலுப்பியபடி, இந்த அங்கிளுக்கு ஒருவருமில்லை, தனியாக வந்தவர் என்று சனத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்பா" என்று சுகிர்தன் ஓடிவந்தான். காவலாளி நிமிர்ந்து பார்த்தார். விலகி இடம் விட்டார்.

வழியிலேயே உயிர் போய்விட்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

வெள்ளவத்தை மலர்ச்சாலையில் அப்பாவின் உடலைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சுகிர்தனின் கையைத்தான் பிடித்தார்கள். கடைசி நேரத்தில் பிள்ளை பக்கத்தில் இருந்தது பெரிய புண்ணியம் என்றார்கள். கனடாச் சித்தப்பாவும் வீடியோவில் அதையே சொன்னார். அம்மா மட்டும் வேறு கேட்டார்.

"கடைசியா என்ன சொன்னவர், தம்பி?"

"ஒண்டும் சொல்லேல்லை அம்மா."

"உந்த மனுசன் கதைக்காமல் போனவரோ?"

அம்மா நம்பவில்லை.

பின்னேரம் காவலாளி வந்தார். நூதனசாலையில் விடுபட்ட அப்பாவின் மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க, வீட்டுக்குப் போன் எடுத்து இடம் கேட்டு வந்திருந்தார். வெள்ளைச் சேர்ட் போட்டிருந்தார். அம்மா கண்ணாடியை வாங்கிக்கொண்டு, தெரிந்த சிங்களத்தில் அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டார்.

காவலாளி அம்மாவுக்குப் பின்னால் நின்ற சுகிர்தனைப் பார்த்தார். 

எல்லாருக்கும் கப்பல்களை விளங்கப்படுத்தினார் என்று காவலாளி சிங்களத்தில் சொன்னார். நல்ல மனிதர் என்றார். பிறகு வாசலில் கட்டியிருந்த மரண அறிவித்தல் பதாகையின் முன்னால் போய், வாசிக்கத் தெரியாத எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சுகிர்தன் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றான். யாரும் வாசிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. முதல் வரியில் விரலை வைத்து உரத்து வாசித்தான்.

"சங்கானையைப் பிறப்பிடமாகவும், வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட..."

அதையே சிங்களத்தில் சொன்னான். பின்னால் கதிரைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ இளம்பெடியன் ஒருவன் சிரிப்பது கேட்டது. சுகிர்தன் நிறுத்தவில்லை. நேசமலரின் அன்புக் கணவரும் என்று வாசித்தான், அதையும் சிங்களத்தில் சொன்னான். விரல் ஒரு வரி கீழே இறங்கியது.

"சுகிர்தனின் பாசமிகு தந்தையும்."

காவலாளி காத்துக்கொண்டு நின்றார். அந்த வரியைச் சிங்களத்தில் சொல்ல இன்னும் மிச்சமிருந்தது.