மூன்றாவது பிரதி

“அப்பா, நம்பருக்குக்கூட சாவு வருமா?”

ரெனிதா ஏழு வயதில் கேட்டது. கல்லூரி நூலகத்தில் அவள் அப்பா எட்மண்டுக்குப் புத்தகம் அடுக்கும் வேலை இல்லை. ஆராய்ச்சி செய்கிறவர்கள் அளந்து குறித்த எண்களைக் கம்ப்யூட்டரில் பத்திரப்படுத்தும் வேலை. மகளுக்கு அதை விளக்கியபோதுதான் இந்தக் கேள்வி வந்தது. அவர் சிரிக்கவில்லை. “யாரும் பாத்துக்கலன்னா வரும்டா கண்ணு,” என்றார்.

இப்போது அவர் பருத்திப்பட்டு வீட்டுக் கூடத்தில், சவப்பெட்டிக்குள் கிடந்தார். ரெனிதா அவர் காலடியில் நழுவிய மல்லிகைச் சரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள், காலைத் தொட்டுவிடாமல். ஐஸ் பெட்டியிலிருந்து இதற்குள் மாற்றியபோதும் அவள் கை கொடுக்கவில்லை. அந்தக் குளிர்ச்சியைத் தொட அவளுக்குப் பயம்.

தலைமாட்டில் தெரசா அத்தை, அப்பாவின் அக்கா, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள். “வேதத்த கையில குடுத்துட்டேன். தம்பி வெறுங்கையோட போவக்கூடாது.”

நெஞ்சின் மேல், கோத்த விரல்களுக்கு அடியில், ஜிப் வைத்த கறுப்பு பைபிள் உறை இருந்தது.

“கரெக்டுக்கா,” என்றார் பக்கத்து வீட்டு நடேசன். “வெள்ளிக்கெழம ஆனா இந்த பைபிள நெஞ்சோட அணைச்சிகினுதான் வருவாரு. மழ பேஞ்சா சட்டைக்குள்ள போயிடும். ‘இன்னா அண்ணாத்தே, ஏசு நனைஞ்சா ஜன்னி வந்துடுமா’ன்னு நான்கூட கலாய்ப்பேன்.”

அத்தை அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள்.

வாசலில் இருந்து கோவிந்தன் கையசைத்தார். அப்பாவோடு நூலகத்தில் வேலை பார்ப்பவர். சாமியானா ஓரத்துக்கு அவளை அழைத்துப் போய், கர்சீப்பைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

“தங்கச்சி, கேக்கவே வாய் வர்ல. சாரு ஊட்ல ஒரு ஹார்ட் டிஸ்க் வெச்சிருந்தாரா?”

“ஏண்ணா?”

“முந்தாநேத்து ராத்திரி மழையில சீலிங் ஒழுகி சர்வர் போச்சு. அது பக்கத்துலயே இருந்த பேக்கப்பும் போச்சு. ரெண்டையும் ஒரே ரூம்ல வெக்காதீங்கன்னு சாரு கத்திகினே இருந்தாரு. வேற எடம் எவன் குடுத்தான்? அதான் மூணாவது காப்பிய வாராவாரம் ஊட்டுக்கு எடுத்துகினு வந்தாரு.” குரலைத் தாழ்த்தினார். “இருபது வருஷமா ஏரியச் சுத்தி கெணத்துத் தண்ணிய அளந்து வெச்சதும்மா. அளந்தவங்க பாதி பேரு இப்ப உசுரோட இல்ல. அன்னிக்கி இருந்த தண்ணிய இன்னிக்கி யாரு போயி அளக்க முடியும்?”

அவர் பார்வை மூலையில் இருந்த நாற்காலிக்குப் போனது. அங்கே ஒரு பெண் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

“அகல்யா. அதோட படிப்பு மொத்தமும் அந்தக் கணக்குலதான் நிக்குது. நேத்து சாரு லைப்ரரில சாஞ்சப்ப ஆட்டோவுல மடில போட்டுகினு போச்சே, அந்தப் பொண்ணுதான். நீயே கேளும்மான்னேன். செத்த ஊட்ல கேக்க மாட்டேன்னு ஒரே புடியா கீது.”

ரெனிதா அகல்யாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அகல்யாதான் மெல்லச் சொன்னாள்: “சார் உங்க பேரச் சொல்லிட்டே வந்தாருக்கா. நான் கைய விடல. கடைசி வரைக்கும் சூடாதான் இருந்துச்சு.”

டிஸ்க்கைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ரெனிதா அப்பாவின் அறைக்குள் போனாள். மேசை இழுப்பறை, அலமாரி, ஆபீஸ் பை, எதிலும் இல்லை. ஜன்னலோரம் அப்பாவின் பைபிள் இருந்தது. புரட்டிப் புரட்டி ஓரம் நைந்த பைபிள். உறை இல்லாமல் இருந்தது.

அப்படியானால் அப்பாவின் நெஞ்சின் மேல் இருக்கும் உறைக்குள் இருப்பது வேதம் இல்லை.

தெருவில் கல்லறைக்குப் போகும் வண்டி பின்னுக்கு வரும் சத்தம் கேட்டது. சொல்லாமல் விட்டால் இருபது வருஷத் தண்ணீரும் மண்ணுக்குள் போகும். சபை முன்னால் சொன்னால், தம்பியை வேதமில்லாமல் மெஷினோடு அனுப்பப் பார்த்தேனே என்று அத்தை சாகும்வரை நெஞ்சில் அடித்துக்கொள்வாள்.

பைபிளைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

“அத்தே, அப்பாகூட தனியா ஜெபம் பண்ணணும். எல்லாரையும் கொஞ்சம் வெளிய கூப்டுகினு போயேன்.”

“பாஸ்டர் வந்துட்டாருடி. சீக்கிரம்.” அத்தை அவள் தலையைத் தடவிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

சொன்ன வார்த்தை பொய்யாகிவிடக்கூடாது என்று அவள் உண்மையிலேயே ஒரு வரி ஜெபித்தாள். பிறகு கையை நீட்டினாள். விரல்கள் குளிர்ந்து விறைத்திருந்தன. ஒவ்வொன்றாக உயர்த்தும்போது அவளுக்குப் பல் கிட்டியது. உறையை உருவி ஜிப்பை இழுத்தாள். பாதியில் சிக்கியது. கதவுக்கு வெளியே யாரோ செருமினார்கள். மறுபடி இழுத்தாள். உள்ளே, கண்ணாடி துடைக்கும் மஞ்சள் துணியில் சுற்றியபடி டிஸ்க் இருந்தது.

அதை இடுப்பில் செருகிக்கொண்டு, பைபிளை உறைக்குள் வைத்து மூடி, அவர் கைகளுக்கு அடியில் செருகினாள். வேலை முடிந்த பிறகும் தன் கையை அவள் உடனே எடுக்கவில்லை.

கதவு திறந்து சனம் உள்ளே வந்தது. யாரோ பாட்டை ஆரம்பித்தார்கள். அகல்யா அத்தையின் தோளைத் தாங்கியபடி பெட்டிக்கு அருகில் நின்றாள். ரெனிதா கூட்டத்துக்குப் பின்னால் நழுவி, பெண்களின் பைகள் குவிந்திருந்த படுக்கை அறைக்குப் போய்த் தாழிட்டாள். ஒரு பையில் கல்லூரி அடையாள அட்டை தொங்கியது. அட்டையில் அகல்யாவின் முகம்.

அந்தப் பையின் ஜிப்பைத் திறந்ததும் புளித்த வாடை முகத்தில் அடித்தது. டிபன் டப்பாவில் நேற்றைய தயிர் சாதம் கை படாமல் கெட்டுப் போயிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் பெண் வீட்டுக்கே போகவில்லை.

ரெனிதா டப்பாவைப் பின்பக்கக் குழாயடிக்கு எடுத்துப் போனாள். சாதத்தைக் கொட்டி, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, துப்பட்டாவால் துடைத்தாள். திரும்பி வந்து டிஸ்க்கைப் பையின் அடியில் வைத்தாள்.

“ரெனிதா எங்க? மூடப் போறாங்கடி, வா!” கூடத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது.

டப்பாவின் மூடி விளிம்பில் ஒரு சொட்டு ஈரம் மினுங்கியது. ரெனிதா அதையும் துடைத்த பிறகே டப்பாவை உள்ளே வைத்து ஜிப்பை மூடினாள்.