பதினேழாவது கேள்வி

தம்பி ஸ்டெபின் இன்டர்வியூவுக்குப் பழகுவதற்காக ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமை எழுதி முடிக்க ஜெரூஷாவுக்கு எட்டு மாதம் ஆனது. அவளுக்கு நாவலூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. சனி, ஞாயிறு வந்தால் கிழக்குத் தாம்பரம் வீட்டில் இதே வேலையாக உட்கார்ந்துவிடுவாள். கூட வேலை பார்க்கும் பரணிக்கு டை கட்டிவிட்டு, வெப்கேமரா முன்னால் நாற்பது கேள்விகளைக் கேட்கவைத்துப் பதிவு செய்திருந்தாள். திரையில் பரணி அதிகாரியாக உட்கார்ந்து கேட்பான். ஸ்டெபின் மைக்கில் பதில் சொல்ல வேண்டும். பதில் நீண்டுகொண்டே போனால் அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

ஸ்டெபினுக்கு இருபத்தாறு வயது. அவனுக்கு இருப்பது ஆட்டிசம் என்பதே பதினெட்டு வயதில்தான் வீட்டாருக்குத் தெரிந்தது. தபால் வழியில் பி.காம். முடித்திருந்தான். ஒரு பக்கத்தில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அவன் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் போன ஒன்பது இன்டர்வியூவிலும் ஐந்தே நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். ஓரிடத்தில், "உங்க ஃபேன் சத்தம் போடுது. நிறுத்தினாதான் பேசுவேன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தான்.

திரையில் அதிகாரி கேட்ட பதினேழாவது கேள்வி: "உங்களுக்குச் சிரமமான விஷயம் ஏதாவது இருக்கா?"

"இருக்கு சார். திடீர்னு பெரிய சத்தம் கேட்டா மூச்சு முட்டும். அப்ப யாரும் என்னைத் தொடக் கூடாது. எனக்கு ஆட்டிசம்."

ஜெரூஷா புரோகிராமை நிறுத்தினாள். "இதைச் சொன்னா வேலை கிடைக்காதுடா."

"அவர் கேட்டாரே அக்கா."

"கேப்பாங்க. 'அப்படி எதுவும் இல்ல சார், எந்தச் சூழ்நிலையிலும் வேலை செய்வேன்'னு சொல்லு."

"அது உண்மை இல்ல."

"இன்டர்வியூவுல எல்லாரும் சொல்றதுதான். நானும் சொல்லியிருக்கேன்."

அவள் அதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். அவன் அந்தப் பதிலை மனப்பாடம் செய்தான். அடுத்த அறையில் அப்பா ஏசுதாசன் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

2008 செப்டம்பரில் கேளம்பாக்கத்தில் ஒரு அலுவலகம் ஸ்டெபினை எடுத்துக்கொண்டது. காப்பீட்டு விண்ணப்பங்களில் பிழை பார்க்கும் வேலை. அப்பா அன்று மாலை தெரு முழுக்க லட்டு கொடுத்தார். ஸ்டெபின் தினமும் சட்டையை உள்ளே விட்டு, அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு, தனியாக பஸ் ஏறிப் போனான். அவன் தெருமுனை திரும்பும் வரை ஜெரூஷா வாசலில் நின்று பார்ப்பாள்.

நான்காவது வாரம் ஆயுத பூஜை. மதியம் ஜெரூஷாவுக்கு போன் வந்தது. ஆட்டோ பிடித்து ஓடினாள். பழைய நாற்காலிகள் அடுக்கியிருந்த அறையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான் ஸ்டெபின். மணிக்கட்டில் அவனே கடித்த பல் தடம்.

மேனேஜர் தோத்தாத்ரி வெளியே அழைத்துப் போய்ச் சொன்னார். "பூசணிக்காய் உடைச்சுட்டு பசங்க சரவெடி வெச்சாங்க மேடம். இவர் காதைப் பொத்திக்கிட்டு ஓடினார். படிக்கட்டுல வாட்ச்மேன் ஏகநாதன் பிடிச்சிருக்கார். இவர் உதறினதுல அவர் உருண்டு விழுந்து, கை உடைஞ்சுபோச்சு."

"அவனுக்கு ஆட்டிசம் சார்."

"நான் நேராவே கேட்டேனே மேடம். எதுவும் இல்லன்னார். சொல்லியிருந்தா இன்னிக்கு லீவு குடுத்திருப்பேன். இத்தனை நாள்ல ஒரு பிழை விடல அவர். அனுப்ப எனக்கு மனசே இல்ல. ஆனா ஒருத்தருக்கு அடிபட்டிருக்கு. மேலிடத்துல ஒத்துக்க மாட்டாங்க."

அவர் கோபமாகப் பேசியிருந்தால் ஜெரூஷாவால் தாங்கிக்கொண்டிருக்க முடியும்.

ஆட்டோ வேண்டாம் என்று ஸ்டெபின் தலையாட்டினான். பஸ்ஸில் வண்டலூர் தாண்டிய பிறகுதான் பேசினான். "அந்தப் பதிலை எழுதினது நீதானே அக்கா?"

"நான்தான்."

"ஏகநாதன் அண்ணா தினமும் எனக்குக் கதவு திறந்துவிடுவார்."

அவள் அவன் கையைத் தொடப் போனாள். அவன் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டான்.

மறுநாள் ஜெரூஷா கேளம்பாக்கத்தில் ஏகநாதன் வீட்டைத் தேடிப் போனாள். மாவுக்கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் அவளைத்தான் சமாதானப்படுத்தினார். "நல்ல புள்ளம்மா அது. பயந்துகினு ஓடியாந்துச்சு, வுழுந்துடப் போகுதேன்னு புடிச்சேன். தொடக்கூடாதுன்னு யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லிக்கீறாங்களா? சொல்லியிருந்தா கைய வெச்சிருப்பேனா?"

அவள் வாங்கி வந்த ஆப்பிள்களை வைத்துவிட்டு எழுந்தாள்.

ஜனவரியில் அந்தப் பதினேழாவது கேள்விக்கான பயிற்சியை முழுதாக மாற்றி எழுதினாள். உண்மையை எப்போது, எவ்வளவு, எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு படியாக வைத்தாள். சேலையூரில் ஆட்டிசம் உள்ளவர்களுக்கான ஒரு பயிற்சி மையம் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டது. அங்கே அதில் பயிற்சி எடுத்த இருவருக்கு வேலையும் கிடைத்தது. அவர்களில் ஒருவனுடைய அம்மா மஹாலட்சுமி வீடு தேடி வந்து ஜெரூஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவள் போன பிறகு, "நீயும் ஒரு தடவை உக்காந்து பாக்கறியா?" என்று ஜெரூஷா ஸ்டெபினிடம் கேட்டாள்.

"வேணாம். நீ சரின்னு சொன்னது தப்பா இருந்துச்சு. இதுல எது தப்புன்னு எனக்குத் தெரியாது."

குரலில் வருத்தமோ கோபமோ இல்லை. அவள் சரி என்றாள். அதன் பிறகு அவன் எந்த இன்டர்வியூவுக்கும் போகவில்லை. அப்பாவோடு மாலையில் கடைக்குப் போவான், அவரோடு பேசவும் செய்வான். அக்கா வந்தால் எழுந்து தன் அறைக்குப் போய்விடுவான்.