பானட்டில் போட்ட வேக்ஸ்

என் வலது தோள் எனக்கு முன்னால் விழித்துக்கொள்ளும். விழித்ததும் என்னை எழுப்பாமல் விடாது. பல் துலக்க இடது கை, சட்டை மாட்டிவிட மனைவி, வேலைக்கு மட்டும் அதே வலது கை. பாலிஷ் மெஷினைப் பிடித்துப் பிடித்து மூட்டுக்குள் மணல் கொட்டிய மாதிரி ஆகிவிட்டது. கையைத் தூக்கினால் உள்ளே நறநறவென்று கேட்கும். "வேற வேலை பாக்கக் கூடாதா?" என்றார் டாக்டர். நீங்களே ஒண்ணு போட்டுக் குடுங்க என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

வேறு வேலை எங்கள் கார் பாலிஷ் கடையிலேயே ஒன்று காலியாகப் போகிறது. செக்கிங். முடிந்த காரைச் சுற்றிவந்து, வெளிச்சம் அடித்து, எங்கே கீறல் மிச்சம், எங்கே திட்டு என்று பார்த்துச் சொல்லும் வேலை. இதுவரை முதலாளியே அதைச் செய்தார். பட்டப்பகலிலும் கையில் டார்ச்சோடு திரிவதால் அவருக்குப் பெயரே டார்ச். தன் கல்யாண போட்டோவையே டார்ச் அடித்துத்தான் பார்ப்பார் என்று பையன்கள் சொல்வார்கள். அவருக்கு இப்போது கண் மங்க ஆரம்பித்திருக்கிறது.

"அந்தக் கறுப்பு வண்டியைச் சுத்தமா முடிச்சுக் குடு," என்றார். "மறுநாள்லேர்ந்து டார்ச் உன் கையில. மெஷினை உன் மச்சினன் பிடிக்கட்டும்."

மச்சினன் என் மனைவியின் தம்பி. எங்கள் வீட்டு முன்னறையில்தான் பாய் விரிக்கிறான். ஒரு வேலையிலும் ஒட்டமாட்டான். கடைசியாகப் பழைய கார் விற்கும் ஒரு கடையில் இருந்தான், அதுவும் போயிற்று. "உங்க கூடவே வெச்சுக்கங்களேன்" என்று மனைவி சொன்னாள். சொன்னாள் என்றால், சொல்லிக்கொண்டே இருந்தாள். நான்தான் டார்ச்சிடம் கூட்டிப்போய், "இவனுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லி நிறுத்தினேன். கெட்டவன் இல்லை. கை ஓடுவதற்கு முன்னால் வாய் ஓடிவிடும், அவ்வளவுதான்.

கறுப்பு வண்டி மாதிரி ஒரு சனியன் கிடையாது. வெள்ளைக் காரில் எத்தனை கீறல் இருந்தாலும் ஒளிந்துகொள்ளும். கறுப்பில் துணி பட்ட தடம்கூடச் சாட்சி சொல்லும். முதலில் நன்றாகக் கழுவ வேண்டும். பிறகு கிளே. பிசைந்த மாவு மாதிரி ஒரு கட்டி. ஈரத்தோடு தேய்த்தால் பெயின்டில் ஒட்டிய தாரும் இரும்புத் தூசியும் அதோடு வந்துவிடும். அதைச் செய்யாமல் மெஷினை வைத்தால் அந்தத் தூசியே உப்புத்தாள் ஆகி வண்டியைப் பிறாண்டிவிடும். அப்புறம் காம்பவுண்ட், அது கீறலை வெட்டும். அது வெட்டிய தடத்தைப் பாலிஷ் ஆற்றும். பிறகு ஸ்பிரிட் போட்டு எண்ணெய்ப் பசை துளி இல்லாமல் துடைக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின்தான் கோட்டிங். அது கண்ணாடித் தோல் மாதிரி. அடியில் என்ன இருக்கிறதோ, நல்லதோ கெட்டதோ, அப்படியே வைத்துப் பூட்டிவிடும்.

வரிசை தப்பினால் திரும்ப வெட்ட வேண்டியதுதான். ஒவ்வொரு வெட்டும் பெயின்டில் கொஞ்சம் தின்னும். பெயின்ட் என்ன தலைமுடியா, திரும்ப வளர?

கிளேயிலிருந்து பாலிஷ் வரை ஒரு குறை இல்லாமல் செய்தேன். ஸ்பிரிட் போட்டு வண்டி முழுக்கத் துடைத்தேன். அதோடு தோள் போதும் என்றது. டார்ச் வெளியே போயிருந்தார். "வண்டியைத் தொடாத, பாத்துக்க" என்று மச்சினனிடம் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய் வெந்நீர்ப் பையைத் தோளில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடினேன்.

திரும்பி வந்து வண்டியை கோட்டிங் அறைக்குள் விட்டு, இரண்டு பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினோம். சாத்தினால் வேலை முடியும்வரை திறக்கக் கூடாது. ஈரத்தில் தூசி வந்து உட்கார்ந்தால் அங்கேயே குடும்பம் நடத்தும். ஜன்னல் இல்லை, விசிறி இல்லை. கதவு இடுக்கில்கூட ரப்பர் பட்டை. கோட்டிங் மருந்தின் நெடி மூக்கில் ஏறி நெற்றிக்குள் போய் உட்காரும்.

கூரையில் ஆரம்பித்தேன். கொஞ்சம் விட்டுப் பரப்பி, வானவில் மாதிரி நிறம் ஓடும்வரை காத்திருந்து, மெத்தென்ற துணியால் துடைத்து எடுக்க வேண்டும். கூரை, கதவுகள், பின்பக்கம் எல்லாம் வெண்ணெய் மாதிரி போயிற்று. கடைசியாக முன்பக்க மூடிக்கு, பானட்டுக்கு வந்தேன். மருந்தை விட்டு இழுத்தேன். பரவவில்லை. தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு உருண்டு நின்றது.

ஓரத்தில் விரல் வைத்தேன். வழுக்கியது.

"மாப்ள, இதுல என்ன பண்ண?"

"எதுல மாமா?"

"உங்க அக்கா வெச்ச கொழம்புலயா கேக்கறேன்? பானட்ல."

"ஒண்ணும் பண்ணல. லேசா வேக்ஸ் போட்டேன்." அவன் முகத்தில் ஒரு பெருமைகூட இருந்தது. "நீங்க ஸ்பிரிட் போட்டதும் சோகை பிடிச்ச மாதிரி கெடந்துச்சு. பெரிய எடத்து வண்டி. வேக்ஸ் போடாம விடறது தலை சீவாம ஆளை இன்டர்வியூவுக்கு அனுப்புற மாதிரில்ல?"

எனக்குப் புரிந்துவிட்டது. பழைய கார் கடையில் எந்த வேலையும் வேக்ஸில்தான் முடியும். அந்த மெழுகு கீறலுக்குள் புகுந்து மூடிவிடும். வாங்கியவன் வீட்டில் இரண்டு தடவை கழுவும்வரை கார் புதுசு. அங்கே அது கெட்டிக்காரத்தனம். இங்கே பெயின்டுக்கும் கோட்டிங்குக்கும் நடுவில் வந்து படுத்த மூன்றாம் ஆள்.

ஸ்பிரிட் நனைத்துத் துடைத்துப் பார்த்தேன். அதற்குள் மருந்து வேக்ஸோடு சேர்ந்து திட்டுத் திட்டாக இறுகிப்போயிருந்தது, ஆறிய கஞ்சிமேல் ஏடு மாதிரி.

"தொடாதன்னு சொன்னேன்ல."

"நல்லதுக்குத்தான மாமா பண்ணேன்." இப்போது குரல் இறங்கியிருந்தது. "மொதலாளி என்னை வெளிய தள்ளிருவாரா?"

"நீயே வாயைத் தொறந்து சொன்னா தள்ளமாட்டாரு."

அது டார்ச்சின் வழக்கம். தன் வெளிச்சம் கண்டுபிடிக்குமுன் தப்பைச் செய்தவனே ஒத்துக்கொண்டால் மன்னிப்பு. திட்டுவார், அதோடு சரி. வெளிச்சம் கண்டுபிடித்தால் மன்னிப்பு கிடையாது. இன்னொருத்தன் சொன்னால் அது கணக்கில் வராது. செய்தவன் வாயிலிருந்து வர வேண்டும். அடுத்தவனைக் காட்டிக்கொடுக்கிறவனைத்தான் அவர் முதலில் வெளியே அனுப்புவார்.

"நானே சொல்றேன் மாமா. சத்தியமா. அவரு வந்ததும் மொத வேலை அதான்."

சரி என்றேன். வேறென்ன சொல்ல? வண்டியை வெளியே எடுக்க முடியாது. மற்ற இடமெல்லாம் ஈரம். மெஷின் சுற்றினால் தூள் பறந்து அந்த ஈரத்தில் விழும். ஒரு பழைய போர்வையை நனைத்து, பானட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் திரைபோல இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தான். நான் மெஷினை மெதுவாக ஓடவிட்டு வெட்ட ஆரம்பித்தேன். தோள் என்னை ஊரிலுள்ள அத்தனை கெட்ட வார்த்தையிலும் திட்டியது. ஓரங்களில் பெயின்ட் மெலிசு. மெஷின் ஒரு நொடி அதிகம் நின்றால் அடி நிறம் பல்லைக் காட்டிவிடும். அங்கே மட்டும் கையால் தேய்த்தேன்.

"மாமா, கை போகுதே."

"எனக்கு எப்பவோ போயிருச்சு. தூக்கிப் பிடி."

போர்வையிலிருந்து சொட்டிய தண்ணீர் அவன் முழங்கை வழியாக ஓடிச் சட்டைக்குள் போயிற்று. வெட்டி, ஆற்றி, ஸ்பிரிட் போட்டு, மறுபடி கோட்டிங் போட்டேன். இந்தத் தடவை பரவியது. கதவைத் திறந்தபோது வெளிக்காற்று முகத்தில் ஈரத்துணி போட்ட மாதிரி இருந்தது. கறுப்பு வண்டியில் எங்கள் இரண்டு பேர் முகமும் தெரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

டார்ச் வந்தார். ஒரு கையில் வெளிச்சம், மறு கையில் பெயின்ட் தடிமன் பார்க்கும் சின்னக் கருவி. வழக்கம்போலப் பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். டிக்கி. பின்கதவு. ம்ம் என்றார். நான் மச்சினனைப் பார்த்தேன். அவன் துணி மடித்துக்கொண்டிருந்தான். கூரையில் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போயிற்று. மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தான். முன்கதவு. நான் இருமினேன். அவன் நிமிரவில்லை. இப்போது சொன்னால்கூடப் போதும். வெளிச்சம் கண்ணாடியைத் தாண்டி பானட்டில் விழுந்தது.

"பளிங்கு மாதிரி இருக்கு," என்றார் டார்ச். கருவியை வைத்துப் பார்த்தார். நகர்த்தி இன்னோர் இடத்தில் வைத்தார். "காலையில இவ்வளவு மெலிசா இல்லையே. இது ரெண்டு தடவை வெட்டின பானட். யாரு வெட்டினது?"

"நான்தான்."

"எதுக்கு?"

இரண்டு பக்கமும் சுவர். சொன்னால் காட்டிக்கொடுத்தவன்; அதோடு இவனுக்கு நான் பொறுப்பு என்று சொன்ன வாயும் இதுதான். அவன் வெளியே போவான், மெஷின் பிடிக்க ஆள் இருக்காது, திரும்ப என் தோள்தான். வீட்டில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. சொல்லாவிட்டாலும் மெஷின்தான்.

"வரிசை தப்பிருச்சு," என்றேன்.

டார்ச் வெளிச்சத்தை அணைத்தார். "உனக்கா? வண்டி நல்லாத்தான் இருக்கு. தப்பு பண்ணதுகூடப் பரவால்ல. மூடினியே. மூடின கையில போய் இதைக் குடுத்தா அது அடுத்தவன் தப்பையும் மூடும்." டார்ச்சைச் சட்டைப் பையில் செருகினார். "மெஷினை நீயே வெச்சுக்க."

மச்சினன் கடைசித் துணியை மடித்து முடித்தான். நல்ல மடிப்பு. ஓரத்துக்கு ஓரம் சரியாக இருந்தது.

வீட்டில் மனைவி என் தோளில் உப்பு ஒத்தடம் வைத்தபடி, "செக்கிங் என்னங்க ஆச்சு?" என்றாள்.

"இப்ப இல்லன்னுட்டாரு."

"ஏனாம்?"

நான் எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தவனைப் பார்த்தேன். அவன் தட்டிலேயே குழம்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் ரசம் ஊத்துக்கா," என்றான்.

ஊற்றினாள். சாப்பிட்டான். மறுநாள் என்னோடு கடைக்கு வந்தான். என் மெஷின் ஒயரை அவனே பிரித்து வைத்தான், காம்பவுண்ட் டப்பாவைக்கூடத் திறந்து வைத்தான். டீ வாங்கி வந்தான். மாமா மாமா என்று ஓடி ஓடிச் செய்கிறான். டார்ச் பக்கத்தில் வந்தால் மட்டும் வாளி எடுக்கப் போய்விடுகிறான்.

டீயெல்லாம் நான் கேட்கவில்லை. "வேக்ஸ் போட்டது நான்தான்" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் அவன் எனக்குப் பட்ட கடன். இன்னும் தரவில்லை.