வேலிக்கு வெளியே அண்ணன்

அண்ணன் வந்துவிட்டது என்று அம்மா போனில் சொன்னபோது சந்திரலேகா பிள்ளைகளுக்குக் கை கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். நெடுங்காட்டில் ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்து அவள் நடத்திவரும் மழலையர் பள்ளியில் அது சாப்பாட்டு நேரம். ஈரக்கையோடு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "அண்ணன் சாப்பிட்டுச்சாம்மா?" என்று மட்டும் கேட்டாள். ஏழு வருடம் சிறையில் இருந்துவிட்டு வந்தவனைப் பற்றி முதலில் என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் மகள் தமிழ்மொழியை டியூஷனில் விட்டுவிட்டு, ஸ்கூட்டியில் குரும்பகரத்துக்குப் போனாள். கலைவாணன் கொல்லைப்புறத்தில் குளித்துவிட்டுத் துண்டோடு நின்றுகொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"என்ன லேகா, அம்மா மாதிரியே ஆயிட்டே" என்றான்.

"நீ அப்பா மாதிரி ஆயிட்டே அண்ணே."

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அவன் அவளைவிட எட்டு வயது மூத்தவன். காலமாகிவிட்ட அப்பா திருஞானசம்பந்தம் வயலே கதி என்று கிடந்தவர். நடவு, அறுப்பு என்று அம்மா சொர்ணாம்பாளும் அவரோடு போய்விடுவாள். சந்திரலேகாவுக்குச் சோறு ஊட்டியது, தலை பின்னியது, சைக்கிள் முன்கம்பியில் துண்டைச் சுற்றி உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனது எல்லாம் அண்ணன்தான். அவனுக்குப் பின்னல் ஒழுங்காக வராது. ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயுமாக நிற்கும். இரண்டாம் வகுப்பு முழுக்க அவள் அந்தக் கோணல் பின்னலோடுதான் போய்வந்தாள். ஒருநாளும் அவிழ்த்துப் போட்டதில்லை.

காய்ச்சல் வந்தால் நண்டு ராசா கதை உண்டு. வயல் வரப்பில் வளை வைத்திருக்கும் நண்டு ராசா, காரைக்கால் கடற்கரைக்குப் பெண் பார்க்கப் போன கதை. ராசாவுக்குப் பக்கவாட்டில்தானே நடக்கத் தெரியும்? பெண் வீட்டுக்குப் போக வேண்டியவர் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்துவிடுவார். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு வீடு, வேறு வேறு உதை. பூவரசு இலையைச் சுருட்டிப் பீப்பீ என்று ஊதி, ராசாவின் கல்யாண நாயனத்தையும் அண்ணனே வாசிப்பான். அவள் சிரிக்கிற சிரிப்பில் கசப்பு மாத்திரை உள்ளே போனதே தெரியாது.

வாய்க்காலில் புதுத்தண்ணீர் வரும் நாளில் அவளை முதுகில் ஏற்றிக்கொள்வான். சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் பின்னால் ஊர்ந்து வரும். அதற்கு முன்னால் வறண்ட வாய்க்காலுக்குள் ஓடுவான். "தொட்டுடும் அண்ணே, தொட்டுடும்!" என்று அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்துவாள். தண்ணீர் ஒருநாளும் அவர்களைப் பிடித்ததில்லை.

அந்த ஊரில் எந்த வீட்டுக் குழந்தை வீறிட்டு அழுதாலும் கலைவாணன் கையில் கொடுத்தால் அடங்கிவிடும். வெளியூர்ப் பள்ளி ஒன்றில் அவனுக்கு விளையாட்டு வாத்தியார் வேலை கிடைத்தபோது, அவனுக்கென்றே அமைந்த வேலை என்று எல்லாரும் சொன்னார்கள். அந்தப் பள்ளியில்தான் நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் தகாத முறையில் நடந்துகொண்டான் என்று போக்சோ சட்டத்தில் வழக்கு வந்தது. தண்டனையும் ஆயிற்று. அவன் மனைவி பிறந்த வீட்டோடு போய்விட்டாள்.

"எம்புள்ளைய எவனோ மாட்டிவிட்டுட்டான்" என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி அழுதாள். சந்திரலேகா அம்மாவோடு சேர்ந்து அப்படிச் சொன்னதில்லை. அப்படி இல்லை என்றும் சொன்னதில்லை. பொய் வழக்காகவே இருந்துவிடக் கூடாதா என்று மட்டும் உள்ளுக்குள் ஒரு ஏக்கம் கிடந்தது.

அவன் வந்து கொஞ்ச நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அம்மா பேச்சை எடுத்தாள்.

"உங்க வேன் டிரைவர் இளையபெருமாள்தான் குவைத்துக்குப் போயிட்டானே. வண்டி சும்மாத்தானே நிக்குது? அண்ணன் ஓட்டட்டும்டி. வெளி ஆளுக்குக் கொடுக்கறத வீட்டு ஆளுக்குக் கொடேன்."

"முடியாதும்மா."

"ஏன் முடியாது?"

"பிள்ளைங்க இருக்கற இடத்துல வேலை பாக்கற எல்லாரையும் போலீஸ்ல விசாரிச்சு சரின்னு சொல்லணும். டீச்சர், ஆயா, டிரைவர், கூட்டிப் பெருக்கற ஆளு வரைக்கும். இந்த மாதிரி கேஸ்ல தண்டனை ஆனவங்க பேரெல்லாம் அவங்ககிட்ட பதிவுல இருக்கு. சட்டம் அப்படிம்மா. மீறினா பள்ளிக்கூடத்த இழுத்து மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

"சட்டமாடி உன்னத் தூக்கி வளத்துச்சு?"

கலைவாணன்தான் சோற்றைப் பிசைந்தபடி, "விடும்மா. சட்டம் அப்படி இருந்தா லேகா என்ன செய்யும்?" என்றான்.

அந்தச் சொல்லில் அவளுக்கு நிம்மதி கிடைத்தது. பழியைச் சட்டத்தின் தலையில் போட்டுவிட்டு, அண்ணனை அண்ணனாகவே வைத்துக்கொள்ள முடிந்தது. அன்றைக்கு வீடு திரும்பும்போது, இந்தச் சட்டம் மட்டும் இல்லையென்றால் வண்டிச் சாவியைக் கொடுத்திருப்பேனோ என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். கொடுத்திருப்பேன் என்றுதான் தோன்றியது. அது அவளைக் கொஞ்சம் பயமுறுத்தவும் செய்தது.

அதற்கடுத்த மாதம் ஒருநாள் காலை, பிள்ளைகளை வாசலில் விளையாட விட்டுவிட்டு உள்ளே வருகைப் பதிவை எழுதிக்கொண்டிருந்தாள். ஆயா அன்னபூரணி ஒரு குழந்தைக்கு உடை மாற்றப் போயிருந்தாள். வெளியே பூவரசுப் பீப்பி ஊதும் சத்தம் கேட்டது. யார் என்று யோசிப்பதற்கு முன்பே சந்திரலேகாவின் முகம் சிரித்துவிட்டது.

எழுந்து கதவோரம் வந்து பார்த்தாள். கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் அண்ணன் குந்தியிருந்தான். இந்தப் பக்கம் பிள்ளைகள் கூட்டமாக வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"பக்கவாட்டுல நடந்து, பக்கவாட்டுல நடந்து, ராசா எங்க போய் நுழைஞ்சாரு?"

"எங்க ஸ்கூல்ல!" என்று ஒரு பயல் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். அதே குரல். ராசா பேசும்போது மூக்கால் பேசுவது, உதை வாங்கும்போது கண்ணை உருட்டுவது, எதுவும் மாறவில்லை. சந்திரலேகா கதவில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டே நின்றாள். அவளுக்கு மறுபடியும் ஆறு வயதாகிவிட்டிருந்தது. உடம்பில் காய்ச்சல் அடிக்கிற மாதிரியும், நெற்றியில் அவன் உள்ளங்கை இருக்கிற மாதிரியும் இருந்தது. நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தும் வாய் வரவில்லை. கதை முடியட்டும் என்று நின்றாள்.

கதை முடிந்தது. பிள்ளைகள் கலைந்தார்கள். ஜெமிமா என்ற நர்ஸின் மகள் மட்டும் நகராமல் நின்றாள். அவளுக்கு நாலு வயது. கலைவாணன் கம்பிக்கு இடையே கையை நீட்டி அவளிடம் ஒரு மிட்டாயைக் கொடுத்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"இத யார்கிட்டயும் சொல்லக் கூடாது, என்ன? டீச்சர்கிட்டகூட. நமக்குள்ள ரகசியம்."

குழந்தை பெருமையாகத் தலையாட்டியது.

சந்திரலேகாவுக்கு அந்தச் சொல் புதிதில்லை. வழக்கு நடந்தபோது ஒரே ஒருநாள் அவள் நீதிமன்றத்துக்குப் போயிருந்தாள். வராந்தா பெஞ்சில் அந்தப் பெண்ணின் தாய் உட்கார்ந்து பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "யார்கிட்டயும் சொல்லக் கூடாது, நமக்குள்ள ரகசியம்னு சார் சொன்னாராம். எம்பொண்ணு அத மதிச்சு ஒரு வருசம் வாயத் தொறக்கலம்மா." மேலே கேட்கப் பிடிக்காமல் சந்திரலேகா அன்றைக்கு எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டாள். அவளிடமும் அண்ணன் சின்ன வயதில் இதே சொல்லைச் சொல்லியிருக்கிறான்: அம்மாவுக்குத் தெரியாமல் வாங்கிக் கொடுத்த குச்சி ஐசுக்காக. அவளுடைய ரகசியத்தில் குச்சி ஐசைத் தவிர வேறொன்றும் இருந்ததில்லை. அந்தப் பெண்ணும் இந்தக் கதையைக் கேட்டுத்தான் சிரித்திருக்கும். இந்தக் குரலை நம்பித்தான் கிட்டே போயிருக்கும்.

"அன்னபூரணி, பிள்ளைங்கள உள்ள கூட்டிட்டுப் போ" என்றாள். ஜெமிமாவின் மகளை அவளே தூக்கி உள்ளே விட்டுவிட்டு, கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

"இங்க வராத அண்ணே."

"உள்ள வரலியே லேகா. ரோட்டுல நின்னு கதைதான சொன்னேன்? சட்டம் ரோட்டுக்கும் உண்டா என்ன?"

"சட்டம் இல்ல. நான் சொல்றேன். வராத."

அவன் முகம் சுருங்கிப்போயிற்று. "உனக்கும் என்மேல நம்பிக்கை இல்லையா?"

இல்லை என்று சொல்லிவிட்டால் கோணல் பின்னல், சைக்கிள் கம்பி எல்லாம் சேர்ந்து போய்விடும் என்று பட்டது. சொன்னாள்.

"இல்லண்ணே."

"உன்ன நான் எப்படி வளத்தேன்..."

"எனக்கு நீ நல்ல அண்ணன்தான். நான் செத்தாலும் அத மாத்திச் சொல்ல மாட்டேன். ஆனா அத வச்சுத்தான் ஏழு வருசமா நான் அந்தப் பொண்ணு சொன்னத நம்பாம இருந்தேன்." பின்னால் கேட்டைச் சாத்தினாள். "அவ சொன்னது நெசந்தானே?"

சாலையில் டிராக்டர் ஒன்று போயிற்று. அது போகும்வரை அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நெசந்தான்" என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தான்.

அன்று சாயங்காலமே அவள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். அங்கிருந்த பெண் எஸ்.ஐ. கலைவாணனை வரச்சொல்லி, பள்ளிப் பக்கம் நடமாடக் கூடாது என்று எச்சரித்தார். சனிக்கிழமை பெற்றோர்களைக் கூட்டி, வேலியோரம் வந்த ஆள் தன் கூடப்பிறந்த அண்ணன் என்பதையும், எதற்காக அவன் சிறைக்குப் போனான் என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

"அப்போ அந்த ஆளு வந்து கதை சொல்லி முடிக்கிற வரைக்கும் நீங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க மேடம்?" என்று ஜெமிமா கேட்டாள். சத்தம் போடாமல்தான் கேட்டாள்.

"கேட்டுக்கிட்டு நின்னேங்க. சின்ன வயசு ஞாபகம் வந்துடுச்சு. நிறுத்தியிருக்கணும்."

அடுத்த வாரம் ஜெமிமா மகளை வேறு பள்ளியில் சேர்த்துவிட்டாள். இன்னும் சிலரும் போனார்கள். போனவர்கள் மேல் சந்திரலேகாவுக்குக் கோபம் வரவில்லை. கம்பிவேலியை எடுத்துவிட்டு ஆள் உயரச் சுவர் வைத்தாள். பிள்ளைகள் வெளியே இருக்கும்போது பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும் என்று விதி வைத்தாள்.

அம்மா அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். அப்பாவின் சிநேகிதர் மீரா சாகிப் திருவேட்டக்குடிப் பக்கம் ஐஸ் பேக்டரி வைத்திருந்தார். சந்திரலேகா அவரிடம் போய், எல்லாவற்றையும் சொல்லித்தான் அண்ணனுக்கு வேலை கேட்டாள். அவர் தாடியைத் தடவினார். "இங்க ஆம்பளைங்கதான் வேலை பாக்கறாங்க. சின்னப் புள்ளைங்க யாரும் வர்ற இடமில்ல. வரச்சொல்லும்மா, பாப்போம்" என்றார். கலைவாணன் அங்கேயே ஒரு அறையில் தங்கிக்கொண்டு ஐஸ் உடைத்து லாரியில் ஏற்றினான்.

தீபாவளிக்கு அவன் குரும்பகரம் வந்திருந்தான். அம்மாவே போன் செய்து, "வந்துட்டுப் போடி" என்றாள். சந்திரலேகா தனியாகப் போனாள். அண்ணன் கைகள் ஐஸில் வெடித்துப்போயிருந்தன. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் புதுச்சட்டை போட்டிருந்தான்.

"தமிழ் வரலியா?"

"அவங்க அத்த வீட்ல விட்டுட்டு வந்தேன்."

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கா."

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. "சரி" என்றான். அம்மா இலையில் இட்லியை வைத்துக்கொண்டிருந்தவள், இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். சட்னிக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள்.

சாப்பிடும்போது பேச்சு அப்பாவைப் பற்றிப் போயிற்று. ஒரு தீபாவளிக்கு அவர் வெடிக்குப் பயந்துகொண்டு நெல் குதிருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டதை அண்ணன் நடித்துக் காட்டினான். அம்மா சிரித்தாள். சந்திரலேகாவுக்குக் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பு வந்தது. வெயில் ஏறுவதற்கு முன்னால் கிளம்பினாள். தமிழுக்குக் கொடு என்று அம்மா கட்டிக்கொடுத்த பலகாரத்தை ஸ்கூட்டியில் மாட்டினாள். வாசல்வரை வந்த கலைவாணன், "பாத்துப் போ லேகா, ரோட்டுல பயலுவோ வெடி போடுவானுவோ" என்றான்.

"சரிண்ணே" என்று சொல்லிவிட்டு அவள் மகளை அழைத்துவரப் போனாள்.