மூன்று இரும்பும் ஒரு பாத்தியும்

"இதப் பாருங்க தொரை, நல்லாப் பாருங்க!" என்று வேலை மேற்பார்க்கும் கண்டாக்கு றோலண்ட் ஒரு நாற்றுப் பையிலிருந்து தேயிலைத் தண்டைப் பிடுங்கி உயர்த்திக் காட்டினார். அடி முனை கறுத்து, குழைந்து, மூக்கருகே கொண்டுபோக முடியாதபடி நாறியது. இன்னொன்றைப் பிடுங்கினார். அதுவும் அழுகல். அழுகியதாகப் பார்த்துப் பார்த்துத்தான் பிடுங்குகிறார் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். ஆனால் அழுகல் பொய்யில்லையே! பாதிப் பாத்தி போயிருந்தது.

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தில் நாற்று வளர்க்கும் இடத்தைத் தவறணை என்பார்கள். ஆறு பெண்களுக்கு அங்கே வேலை. தாய்ச்செடிக் கிளையைத் துண்டு போட்டு, ஒரு துண்டுக்கு ஓர் இலை, ஒரு மொட்டு, விரல் நீளத் தண்டு என்று சாய்வாக வெட்டி, மண் பையில் ஊன்றுவார்கள். வெட்டு வழுவழுவென்று இருந்தால் வேர் விடும். தண்டு நசுங்கினால் அழுகும். இதற்கு மடக்குக் கத்திதான் தோது. தோட்டம் கத்தி கொடுப்பதில்லை என்பதால், ஆறு பேரும் கிடைத்ததை இடுப்பில் செருகிக்கொண்டு வருவார்கள்.

"கத்தி தீட்டுறது யாரு?" என்று கேட்டார் றோலண்ட்.

ஐந்து பேர் கண்ணும் பிரியந்தி மேல் போய் உட்கார்ந்தது. காட்டிக்கொடுக்க வாய் எதற்கு?

"பேசாம வெளியில இருந்து நாத்து எடுத்துருவோம் தொரை. இவங்க ஆறு பேரையும் ஏழாம் நம்பர் மலைக்குக் கொழுந்து எடுக்க அனுப்பிரலாம்" என்றார் றோலண்ட்.

ஏழாம் நம்பர் மலை செங்குத்து. இரண்டு வருடத்துக்கு முன்னால் அங்கே தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்துதான் பிரியந்தியின் வலது முழங்கால் உடைந்தது. தட்டையான நிலத்தில் சமாளிப்பாள். முதுகில் கூடையோடு ஏற்றத்தில் பத்து எட்டு வைத்தால் கால் மடங்கிவிடும். தவறணையை மூடினால் அவளுக்குத் தோட்டத்தில் வேறு வேலையே கிடையாது, முப்பத்து நாலு வயதில் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அதுவும் அவள் தீட்டிய கத்தியால்!

பயத்தைவிட அவளுக்குக் கோபம் சீக்கிரம் வரும். வந்தது.

"தொரை, எனக்கு ஒரே ஒரு பாத்தி குடுங்க. ஆயிரம் பை. நூத்துக்குத் தொண்ணூறு புடிக்கலைன்னா நீங்க சொல்லவே வேணாம், நானே போயிர்றேன்."

றோலண்ட் சிரித்தார். "அதே கத்தி, அதே கை. என்னா மாறப் போவுது? நான் புதுக் கத்தி வாங்கி, பெக்டரி சாணைச் சக்கரத்துல புடிச்சித் தாறேன் தொரை. அதுல ஒரு பாத்தி போட்டுப் பாப்போம்."

தோட்ட மேலாளரான துரை இருவரையும் பார்த்தார். "சரி. ஆளுக்கு ஒரு பாத்தி. மூணு மாசம். நான் வந்து எண்ணிப் பாக்கும்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் தீர்ப்புச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

ராக்காயியும் நிலக்ஷியும் பிரியந்தி பக்கம். ஜொய்சியும் மற்ற இருவரும் றோலண்ட் பக்கம் என்று ஆறு பேரும் பிரிந்தார்கள். பிரித்தது றோலண்ட்தான்.

வீட்டுக்கு வந்ததும் பிரியந்தி தன் பக்கத்து மூன்று கத்தியையும் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுடையது மஸ்கெலியாக் கடையில் வாங்கிய பளபளக்கும் வெள்ளைக் கத்தி, துருவே பிடிக்காது. ராக்காயியுடையது கறுத்துப்போன பழைய இரும்பு. நிலக்ஷியுடையது அவள் அண்ணன் கட்டார் நாட்டிலிருந்து கொண்டுவந்தது, சாம்பல் நிறம், பிடித்தாலே ராஜகளை.

மூன்றையும் அவள் ஒரே மாதிரித்தான் தீட்டுவாள். அவள் கணவன் அழகன் கவ்வாத்துக்காரன். தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு வெட்டி இறக்கும் கவ்வாத்துக் கத்தியை அவன் ஒரு சொரசொரப்பான கல்லில் இந்தப் பக்கம் பத்து இழுப்பு, அந்தப் பக்கம் பத்து இழுப்பு என்று அழுத்தித் தீட்டுவான். பிறகு முன்கை மயிரை ஒரு தரம் வழித்துப் பார்ப்பான். மயிர் உதிர்ந்தால் கத்தி தயார். பிரியந்தியும் அதே கல், அதே பத்து, அதே மயிர். அவளுடைய முன்கை எப்போதும் மொட்டையாகத்தான் இருக்கும்.

"கத்தின்னா கத்திதானே புள்ள, இதுல என்னா ஆராய்ச்சி?" என்றான் அழகன்.

"ஒங்க வாயக் கொஞ்சம் சும்மா வைங்க."

ஒரு கட்டுக் கிளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு வெட்ட ஆரம்பித்தாள். வெள்ளைக் கத்தி முதல் பத்துத் தண்டை வெண்ணெய் மாதிரி வெட்டியது. இருபதில் இழுக்க வேண்டியிருந்தது. முப்பதாவது தண்டின் முனையை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தாள். தோல் நைந்து, நார் நாராக நசுங்கியிருந்தது! ராக்காயியின் கறுப்புக் கத்தி நூறு தாண்டியும் அசரவில்லை. ஆனால் தேயிலைச் சாறு பட்டுப் பட்டு அதன் விளிம்பில் புள்ளி புள்ளியாகத் துரு அரித்திருந்தது, அந்த இடத்தில் மட்டும் வெட்டு கோணியது. நிலக்ஷியின் கட்டார்க் கத்தி முதல் தண்டிலேயே வழுக்கியது. இத்தனை நாளும் நிலக்ஷி மரியாதைக்காக வாயே திறக்காமல் இருந்திருக்கிறாள்!

ஏன் இப்படி? பிரியந்தி வெள்ளைக் கத்தியைத் திரும்பத் தீட்டி, விளிம்பைச் சேலை முந்தியில் மெதுவாகத் தடவினாள். நூல் மாட்டியது. நகத்தில் தடவினாள். ஒரு பக்கம் வழுக்கியது, மறுபக்கம் சுரண்டியது. கல்லில் அழுத்தித் தேய்த்ததில் விளிம்பு மெல்லிய பிசிறாகப் பிதுங்கி மறுபக்கம் மடிந்து நிற்கிறது. மயிரை வழித்ததெல்லாம் அந்தப் பிசிறு. பத்து வெட்டில் அது மடங்கிவிட, அதற்குப் பின்னால் இருந்தது வெறும் மொட்டை இரும்பு.

"ஏங்க, ஒங்க கவ்வாத்துக் கத்தியிலயும் இந்தப் பிசிறு இருக்குமா?"

"இருக்கும். இருந்தா என்னா? ஓங்கிப் போடுறதுக்கு அது இன்னும் நல்லாத்தான் கவ்வும்."

"எனக்கு அதுதான் வென. நான் ஓங்கிப் போடுறேனா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள் பிரியந்தி. ஆண்டுக்கணக்காகக் கொம்பு வெட்டுகிற கத்திக்குச் செய்வதைப் பிஞ்சுத் தண்டு வெட்டுகிற கத்திக்குச் செய்திருக்கிறாள். தப்பு அவளுடையதுதான். வெட்கமாக இருந்தது. அதைவிட, தப்பு எது என்று தெரிந்துவிட்ட சந்தோஷம் பெரிதாக இருந்தது.

வெள்ளைக் கத்திக்கு வழி இரண்டு நாளில் பிடிபட்டது. கடைசி இழுப்புகளைக் கையின் பாரமே இல்லாமல், பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். பிறகு தோலில் விளிம்பைப் பின்பக்கமாகத் தடவிப் பிசிறை எடுக்க வேண்டும். தோலுக்கு எங்கே போவது? அழகனின் இடுப்புவாரை எடுத்துப் பலகையில் ஆணி அடித்துவிட்டாள்.

"அடியே, நான் கால்சட்டைய எதால கட்டுறது?"

"கயிறு இருக்கு."

கறுப்புக் கத்திக்கு வேறு பக்குவம். அதை அதிகம் தீட்டவே தேவையில்லை. ஒரு கிண்ணம் தண்டு வெட்டியதும் கழுவி, ஈரம் போகத் துடைத்து, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு. அவ்வளவுதான்.

கட்டார்க் கத்திதான் உயிரை எடுத்தது. அரை நாள் தேய்த்தாள். கல்லில் பள்ளம் விழுந்தது, கத்தியில் ஒரு கீறல் இல்லை. கல்லைவிடக் கெட்டி அந்த இரும்பு. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஹட்டனுக்குப் போனாள். அங்கே அவள் தம்பி லோஜன் ஒரு புது வீட்டுக்கு டைல் பதித்துக்கொண்டிருந்தான்.

"இவ்வளவு கெட்டியான டைல நீ எதாலடா தேய்க்கிற?" என்று கேட்டாள்.

லோஜன் உள்ளங்கை அளவு தகடு ஒன்றைக் காட்டினான். "வைரத் தூள் ஒட்டுனதுக்கா. டைல் ஓரத்த இதாலதான் மழுக்குவோம்."

பிரியந்தி அதைத் தண்ணீரில் நனைத்து, கட்டார்க் கத்தியை மெல்ல இழுத்தாள். சர்ர் என்று ஒரு சத்தம். தகட்டில் சாம்பல் நிறத்தில் சேறு மாதிரி இறங்கியது. இரும்பு இறங்குகிறது! அவள் கத்திய கத்தலில் மேசன் வேலைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சொரசொரப்பு ஒன்று, நைசு ஒன்று என்று இரண்டு தகட்டைக் கேட்காமலேயே பைக்குள் போட்டுக்கொண்டாள். லோஜனும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டான்.

பாத்தி போடுகிற நாளில் பிரியந்தி சட்டம் போட்டாள். வெள்ளைக் கத்தியை ஐம்பது தண்டுக்கு ஒரு தரம் வாரில் தடவ வேண்டும். கறுப்பைக் கிண்ணத்துக்கு ஒரு தரம் கழுவித் துடைக்க வேண்டும். கட்டார்க் கத்தியை நாள் முழுக்கத் தொடவே கூடாது.

"இது என்னா புள்ள, பள்ளிக்கூடமா?" என்று முணுமுணுத்தாள் ராக்காயி.

"ஆமாக்கா. பாஸ் பண்ணலன்னா ஏழாம் நம்பர் மல."

ராக்காயி கத்தியைக் கழுவினாள். நிலக்ஷிதான், "அக்கா, என் கத்தி இப்பதான் கத்தி மாதிரி இருக்கு" என்று சிரித்தாள்.

பக்கத்துப் பாத்திக்கு றோலண்டின் புதுக் கத்திகள் வந்தன. தொழிற்சாலைச் சாணைச் சக்கரத்தில் தீபாவளி மத்தாப்பு மாதிரிப் பொறி பறக்கப் பிடித்தவை. ஜொய்சி ஒன்றை ரகசியமாகக் கொண்டுவந்து காட்டினாள். விளிம்பெல்லாம் நீலம் பாரித்திருந்தது.

"சூட்டுல வெந்திருச்சு இது. இனி கூர் நிக்காது" என்றாள் பிரியந்தி. "ஐயாகிட்டச் சொல்லு ஜொய்சி. நெசமாத்தான் சொல்றேன்."

ஜொய்சி போய்ச் சொன்னாள். "ஒன் வேலையப் பாரு" என்று பதில் கிடைத்ததாம். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. அதற்கு மேல் பிரியந்தி என்ன செய்ய?

இரண்டு பாத்திக்கும் ஒரே மண், ஒரே பொலித்தீன் கூடாரம், ஒரே வாளித் தண்ணீர். மூன்று மாதம் பிரியந்திக்குச் சோறு இறங்கவில்லை. அழகன்கூடக் கேலியை விட்டுவிட்டான். கயிற்றைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனான், பாவம்.

துரை சொன்னபடி வந்தார். இரண்டு கூடாரமும் ஒன்றாகத் திறந்தன. முதலில் றோலண்டின் பாத்தி. பச்சை திட்டுத் திட்டாக நின்றது, நடுவில் வழுக்கை. எண்ணினார்கள். ஆயிரத்துக்கு முந்நூற்று எண்பத்தெட்டு.

பிரியந்தியின் பாத்தியைப் பார்த்ததும் ராக்காயி, "ஐயோ, அம்மா!" என்று வாயில் கை வைத்தாள். அந்த முனை முதல் இந்த முனை வரை பச்சை! ஒவ்வொரு தண்டிலும் புதுத் துளிர் எட்டிப் பார்த்தது. றோலண்ட் தானே எண்ணினார். நம்பாமல் மறுபடியும் எண்ணினார். இரண்டு தரமும் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு. துரை ஒரு பையைக் கிழித்துப் பார்த்தார். வெள்ளை வேர் கொத்தாக இறங்கியிருந்தது. பிரியந்திக்குக் கண் பொங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை, அப்படி ஒரு சந்தோஷம்.

"இந்தத் தடவ மழை நல்லாப் பேஞ்சிச்சு தொரை, அதான்" என்றார் றோலண்ட்.

"ஒங்க பாத்தி மேல மட்டும் பெய்யலிங்களா ஐயா?" என்று கேட்டாள் பிரியந்தி.

துரைக்கே சிரிப்பு வந்துவிட்டது. "தவறணை மூடறது இல்ல. மத்த மூணு டிவிஷனுக்கும் இங்கதான் நாத்து. எல்லார் கத்தியும் இந்தப் பொம்பளதான் பாக்கும்" என்றார். றோலண்ட் அதைப் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டியதாயிற்று.

திங்கட்கிழமை காலை தவறணை வாசலில் பிரியந்தி பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். கல், வைரத் தகடு, அழகனின் வார். நாற்று வேலைக்கு வந்த மூன்று டிவிஷன் பெண்களும் மடக்குக் கத்திகளோடு வரிசையாக நின்றார்கள். பாதை வளைவு வரைக்கும் வரிசை. ஒவ்வொன்றையும் வாங்கி, நகத்தில் தடவி, "வெள்ள", "கறுப்பு", "கெட்டி" என்று பிரித்துப் போட்டுக்கொண்டே போனாள். முழங்கால் நீட்டியிருந்தது, வலி தெரியவில்லை.

அப்போது வரிசைக்குப் பக்கமாக ஒருவர் நேரே முன்னால் வந்து, கால்சட்டைப் பையிலிருந்து ஒரு கத்தியை எடுத்து அவள் முன்னால் நீட்டினார். "இதையும் ஒருக்காப் பாரு பிரியந்தி. பழம்கூட வெட்டுதில்ல."

றோலண்ட்தான். பிரியந்தி கத்தியை வாங்கவில்லை. கையிலிருந்த வேலையை விட்டுத் தலையையும் நிமிர்த்தவில்லை.

"வரிசையில வாங்க ஐயா" என்றாள்.

றோலண்ட் வரிசையைப் பார்த்தார். கத்தியை மடக்கினார். பிறகு வளைவு வரைக்கும் நடந்துபோய், கடைசியில் நின்ற ஜொய்சிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.