தரகர் வீட்டு நேர்காணல்

"நான் மட்டும் வாயைத் திறக்கலைன்னா…"

"நீங்க திறக்கலைன்னா நான் திறந்திருப்பேன்பா!"

"எங்க திறந்த? கண்ணை மூடிட்டு உக்காந்திருந்த. அந்த மனுஷனும் திரையில பிடிச்சு வச்ச பொம்மையாட்டம்…"

"யோசிச்சிட்டிருந்தேன்! அவர் காத்திட்டிருந்தார்! அவங்க பழக்கம் அது. கேட்ட உடனே கடகடன்னு ஒப்பிச்சாத்தான் அங்க மரியாதைக் குறைவு."

மகள் ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் எறிந்தாள். மடிக்கணினியின் சூடு இன்னும் ஆறவில்லை. பாலங்களில் விழும் விரிசல்களைப் பற்றி ஜப்பானில் மேற்படிப்புப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்காகவே வேலைக்குப் போய்க்கொண்டே ஜப்பானிய மொழி கற்றாள். இடம் கொடுப்பதும் மறுப்பதும் அங்கிருக்கும் பேராசிரியர் கையில். அவரோடு பேசக் கிடைத்த ஒரே நேர்காணலில், மூலையில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்று சத்தியம் செய்த அப்பா, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேமரா முன்னால் வந்துவிட்டார்.

அப்பா வீட்டுத் தரகர். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் பேச்சு நின்றுபோனால் அவருக்கு உடம்பெல்லாம் பரபரக்கும்.

"பேச்சு நின்னா பேரம் ஆறிடும்டி. நான் பார்க்காததா?"

"நான் என்ன காலி மனையா? அவர் என்ன கேட்டார்னாவது தெரியுமா உங்களுக்கு?"

"பாஷை தெரியல. மூஞ்சி தெரிஞ்சுது. வேண்டாம்னு சொல்லப்போற மூஞ்சி."

"பாலத்துல விரிசல் இருக்கு, ஆனா பெருசாகல. பாலத்தை மூடுவியா, வண்டிகளை ஓட விடுவியான்னு கேட்டார். அதுக்கு உங்க இங்கிலீஷ்ல நீங்க சொன்ன பதில் என்ன?"

"தங்கமான பொண்ணு, சின்ன வயசுலேர்ந்து முதல் மார்க்குன்னேன். பொய்யா?"

"அப்புறம்?"

அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

"நீங்க எது சொன்னாலும் மறுபேச்சில்லாம கேட்பா சார்னேன்."

"மறுபேச்சுப் பேசுற ஆளைத்தான்பா அவர் தேடுறார்! தலையைக் குனிஞ்சு, இன்னைக்கு இத்தோட நிறுத்திக்கலாம்னார். திட்டியிருந்தாலாவது மன்னிப்புக் கேட்டிருப்பேன். மரியாதையா பேச்சை முடிச்சிட்டுப் போயிட்டார்."

"உனக்கு நல்லது செய்யப் போய்…"

"எப்பவுமே இதே நல்லதுதான்! ஸ்கூல்ல சேர்க்கிறப்ப டீச்சர் என் பேரைக் கேட்டா நீங்க சொன்னீங்க. காலேஜ்ல எந்தப் பாடம்னு கேட்டா நீங்க சொன்னீங்க. பல் டாக்டர் எங்கே வலிக்குதும்மான்னு கேட்டார், அதையும் நீங்கதானே சொன்னீங்க!"

"சரியாத்தானே சொன்னேன்?"

"பக்கத்துப் பல்லு!"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் மெஷினை மிதித்துக்கொண்டே, வாயில் கவ்விய குண்டூசியை எடுத்துவிட்டுப் பேசினாள்.

"விடுடி, உங்கப்பா வாய் தெரிஞ்சதுதானே. பழைய வீட்டு ஓனர் நம்மளைக் காலி பண்ணச் சொல்லிட்டு வீட்டை விக்கப் பார்த்தாரே, வாங்க வந்தவருக்குச் சுத்திக் காட்டினது இவர்தான். சுவரெல்லாம் இரும்பு, தண்ணியெல்லாம் தேன், பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் தெய்வம்னு ஒரே புகழ்ச்சி. இவ்வளவு நல்ல வீட்டை எவனாவது விப்பானான்னு பயந்து அந்த ஆளு திரும்பிக்கூடப் பார்க்கல. வீடும் விக்கல, நாமளும் காலி பண்ணல. எப்படிச் சிரிச்சோம், ஞாபகமிருக்காங்க?"

"இப்ப எதுக்கு அந்தக் கதை?" என்றார் அப்பா. இவ்வளவு நேரம் கூரையைத் தொட்ட குரல், இப்போது தரைக்கு இறங்கியிருந்தது.

"சும்மா, இவ கோபம் குறையட்டுமேன்னு…"

"உன் துணியைத் தை."

மகள் அவரையே பார்த்தாள். அவர் மேசைமேல் கிடந்த ஹெட்செட்டின் வயரை நீவி நீவிச் சுருட்ட ஆரம்பித்தார். சுருட்டியதைப் பிரித்து மறுபடி சுருட்டினார். இந்தப் படிப்புப் பேச்சு தொடங்கியதிலிருந்து அவர் ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. தெரு முழுக்கப் பெருமை அடித்துக்கொண்டார். மகள் வெளிநாடு போகப்போகிறாள் என்று இஸ்திரி போடுகிறவர் வரைக்கும் சொல்லி வைத்திருந்தார்.

"நீ போகணும்னுதானே பேசினேன்" என்றார் வயரிடம்.

அம்மாவின் கால் மிதிப்பதை நிறுத்தியது. மகளின் கத்தல் போன இடம் தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"அந்த வீடு கைமாறக் கூடாதுன்னு அதைப் புகழ்ந்தீங்க. என்னை எதுக்குப்பா புகழ்ந்தீங்க?"